ஸ்க்ரூ அக்கா வைத்த வெள்ள மணி

ஆற்றோரப் பழைய சாமான் சந்தையில் சுழல் நாற்காலிக்கென்று இருந்தது ஒரே ஒரு கடைதான். சக்கரம் கழன்றது, கைப்பிடி பிய்ந்தது, உட்கார்ந்தால் மெல்ல மெல்ல இறங்கி மேஜைக்கு மேல் தலை மட்டும் தெரிய வைப்பது என்று எல்லா வகை நாற்காலியும் அங்கே வந்து சேரும். அவற்றைக் கவிழ்த்துப் போட்டு வைத்தியம் பார்ப்பவளுக்கு வயது நாற்பத்து நான்கு. புடவைக்கு மேல் ஒரு பழைய காக்கிச் சட்டை. அதன் இரண்டு பைகளிலும் எந்நேரமும் திருகாணிகள் கிடந்து கலகலக்கும். நடந்து வந்தால் ஆளுக்கு முன்னால் சத்தம் வரும். அதனால் சந்தை முழுக்க அவள் ஸ்க்ரூ அக்கா.

"ஸ்க்ரூ கழண்ட கேஸ்னு நெனச்சுடாதீங்க, நம்மகிட்ட எப்பவும் நாலு கூடவே இருக்கும்" என்பாள், புதிதாக வருகிறவர்களிடம்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதைப் பற்றி வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சரியாகத் தெரியாது. வீட்டில் துணி தேய்க்கும் மேஜைக்கு அடியில் அவள் ஒரு கம்ப்யூட்டரை இரவும் பகலும் ஓடவிட்டிருந்தாள்.

அது வந்த கதை சின்னது. ஆறு வருஷத்துக்கு முன்னால், மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து மொத்தமாக நாற்காலிகள் எடுத்தபோது, லாரியின் மூலையில் யாரோ ஒரு கம்ப்யூட்டர் பெட்டியையும் தூக்கிப் போட்டிருந்தார்கள். வேறு யாராவது என்றால் எடைக்குப் போட்டிருப்பார்கள். அவள் கழற்றினாள். உள்ளே கை நிறையத் தூசியும் ஒரு கரப்பான்பூச்சிக் குடும்பமும். சுத்தம் செய்து மூடி, பொத்தானை அமுக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல் உர்ரென்று ஓட ஆரம்பித்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

அவள் தொழிலுக்கு அது தேவையாகவும் இருந்தது. அலுவலகங்கள் மூடும்போதும் இடம் மாறும்போதும் நாற்காலிகளை ஏலத்துக்கு விடுவார்கள். அந்த அறிவிப்பு அவர்களுடைய இணையப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு மூலையில் வரும். தினமும் எழுபது பக்கங்களைத் திறந்து பார்க்க யாரால் முடியும்? அதற்குத்தான் திரட்டி என்று ஒன்று உண்டு. எந்தெந்தப் பக்கம் வேண்டுமென்று ஒருமுறை சொல்லிவிட்டால், அவற்றில் வரும் புதுச் செய்திகளையெல்லாம் அதுவே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து ஒரே பட்டியலில் வைத்துவிடும். முதலில் ஒரு கம்பெனி சும்மா கொடுத்த திரட்டியைத்தான் பயன்படுத்தினாள். ஒருநாள் காலையில், "இத்தனை நாள் எங்களோடு இருந்ததற்கு நன்றி" என்று ஒரு வரி போட்டுவிட்டு அவர்கள் கடையைக் கட்டினார்கள். அவள் சேர்த்து வைத்திருந்த பட்டியலும் அதோடு போனது. அந்தக் கோபத்தில்தான் சொந்தமாகவே ஒரு திரட்டியை மேஜைக்கு அடியில் ஓடவிட்டாள். ஏலப் பக்கங்களோடு, ஆற்றோரத்தில் பிழைக்கிறோமே என்று, பதினாறு கிலோமீட்டர் மேலே இருக்கும் அணை அலுவலகத்தின் பக்கத்தையும் அதில் சேர்த்தாள்.

போன வருஷம் நடந்ததை அவளால் மறக்க முடியவில்லை. அணை அலுவலகம் தண்ணீர் திறக்கப் போவதாகக் காலை பதினொன்று ஐந்துக்கு அறிவிப்புப் போட்டது. அவள் திரட்டி மணிக்கு ஒருமுறைதான் சுற்றி வரும். அது அந்த அறிவிப்பை எடுத்து வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. எடுத்து வந்ததோடு சரி, பட்டியலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டது. அவளோ ஒரு நாற்காலியின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது. ஆள் சேதம் இல்லை. ஆனால் பக்கத்துக் கடை மெத்தைக்காரருடைய மெத்தைகள் அத்தனையும் ஊறி, யானைக்குட்டிபோலக் கனத்து, ஒன்றுகூடத் தேறவில்லை. அவர் படித்துறையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் அவளுக்குள் எங்கேயோ தைத்துவிட்டது.

"ஏங்க, அந்தச் செய்தி ஒரு மணி நேரமா நம்ம வீட்டு மேஜைக்கு அடியிலதான் இருந்திருக்கு" என்றாள் வீட்டுக்காரரிடம். அவர் ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல்காரர். "நமக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா நமக்கே தெரியல."

"விசிலடிக்காத குக்கர் மாதிரி" என்றார் அவர்.

"அதேதான்!" என்று எழுந்து நின்றாள். "மணியடிக்கணும். வந்த உடனே அடிக்கணும்."

முதல் யோசனை எல்லோருக்கும் வருகிற யோசனைதான். மணிக்கு ஒருமுறை போகிற திரட்டியை நிமிஷத்துக்கு ஒருமுறை போகச் சொன்னாள். இரண்டே நாள். மூன்றாம் நாள் அணைப் பக்கம் முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டது. இத்தனை தடவை வந்து தட்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மறுபடி பழைய வேகத்துக்கே மாற்றி நல்லபிள்ளையாக இருந்த பிறகுதான் கதவு திறந்தது.

சந்தைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அப்படி ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அணைப் பக்கத்தின் செய்தியோடையை, அதாவது திரட்டி போய்ப் படிக்கும் பட்டியலை, அதன் மூல எழுத்திலேயே திறந்து வைத்து, நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தாள். தலைப்பு, தேதி, முகவரி எல்லாம் எதிர்பார்த்தவைதான். மேலிருந்து ஐந்தாவது வரியில் மட்டும் வேறு எங்கோ இருக்கும் ஓர் இடத்தின் முகவரி இருந்தது. அது என்ன என்று தேடித் தேடிப் படித்தவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது ஒரு தகவல் மையம். அணைப் பக்கத்தில் புதிதாக ஏதாவது போட்டால், அந்தப் பக்கம் உடனே மையத்துக்குச் சொல்லும். யார் யார் மையத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருக்கிறார்களோ, அவர்கள் வீட்டுக்கு மையமே செய்தியைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். நாம் போய்த் தட்டவே வேண்டாம், அது வந்து நம் கதவைத் தட்டும்!

உடனே அணை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு பெண்.

"மேடம், உங்க பக்கத்துல செய்தி போட்டா உடனே சொல்ற வசதி இருக்குல்ல, அது வேலை செய்யுதா?"

"அப்படி ஒண்ணு இருக்கா எங்க பக்கத்துல?"

"இருக்கு மேடம். அஞ்சாவது வரியில."

மறுமுனையில் கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "அடடே, ஆமா. பக்கத்தைச் செஞ்சு குடுத்தவங்க வெச்சுட்டுப் போயிருக்காங்க. இத்தனை வருஷமா எங்களுக்கே தெரியாதுங்க. நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"நாற்காலி டிபார்ட்மென்ட்" என்றாள் அக்கா.

அடுத்த மூன்று வாரம் அவள் வாழ்க்கையிலேயே சுறுசுறுப்பான மூன்று வாரம். மையம் வந்து கதவைத் தட்டவேண்டுமென்றால் முதலில் வீட்டுக்கு ஒரு நிலையான முகவரி வேண்டும். வீட்டு இணைய இணைப்பின் எண்ணோ நாளுக்கொன்றாக மாறிக்கொண்டிருந்தது. எண் மாறினாலும் மாறாத ஒரு பெயரை வாங்கி அதோடு ஒட்டவைத்தாள். பிறகு ரவுட்டரில் ஒரே ஒரு வழியை மட்டும் வெளியே திறந்து, அதைத் திரட்டிக்கு நேராகத் திருப்பிவிட்டாள்.

வீட்டுக்காரருக்கு அதில்தான் கவலை. "ஊரான் எல்லாம் உள்ள வந்துட மாட்டானா?"

"கதவைத் திறக்கலங்க. கடுதாசி போடற ஓட்டை மட்டும்தான். பூட்டும் போட்டிருக்கேன்."

எல்லாம் சரி. ஆனால் மையத்தில் பெயர் கொடுத்தால் பதிலே இல்லை. பெயர் கொடுத்தவர் உண்மையிலேயே அந்த வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்க மையம் ஒரு ரகசிய எண்ணை அனுப்பும். நாம் அதையே திருப்பிச் சொல்லவேண்டும். அப்போதுதான் பெயர் ஏறும். மூன்று தடவை கொடுத்தாள், மூன்று தடவையும் ஏறவில்லை. வெளியிலிருந்து தன் போனில் தட்டிப் பார்த்தால் திரட்டி சமர்த்தாகத் திறக்கிறது. மையத்துக்கு மட்டும் என்ன கேடு?

நான்காவது நாள் காலையில் கடை திறக்குமுன், திரட்டியின் அமைப்புப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். "உங்கள் முகவரி" என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். திரட்டி வீட்டுக்குள் மட்டும் புழங்கிய காலத்தில், வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் முகவரியை அங்கே எழுதி வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகையில் இடம் என்று போட்டு, அதற்கு நேரே "எங்கள் வீடு" என்று மட்டும் அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியதுபோல! பாவம், மையம் எந்த வீடு என்று தேடும்?

புதுப்பெயரை எழுதினாள். மறுபடி பெயர் கொடுத்தாள். திரட்டியின் பதிவேட்டில் வரிகள் ஓடின. ரகசிய எண் வந்தது, திரும்பப் போனது, "சந்தா உறுதி" என்று ஒரு வரி விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் பல் தேய்க்கும் பிரஷோடு ஓடி வந்தார்.

"என்னம்மா, ஷாக் அடிச்சிடுச்சா?"

"அடிச்சிடுச்சுங்க! நல்லா அடிச்சிடுச்சு!"

மிச்சம் இருந்தது போனில் மணியடிக்கும் வேலை. அதற்கென்று இருந்த சின்ன நிரல் ஒன்றை அதே கம்ப்யூட்டரில் ஏற்றினாள். திரட்டிக்கு ஒரு செய்தி வந்ததும் அது இதனிடம் சொல்லும். இது தன் சேனலில் சேர்ந்திருக்கும் எல்லாப் போன்களுக்கும் அந்த நொடியே தள்ளிவிடும். மின்சாரம் போனாலும் நிற்காதபடி ஒரு பழைய அலுவலகத்து பேட்டரிப் பெட்டியைக் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து மாட்டினாள். சத்தத்துக்கு அவள் தேர்ந்தெடுத்தது லாரி ஹாரன். பொறுக்கிப் பொறுக்கிக் கேட்டதில் சந்தை இரைச்சலைத் தாண்டிக் கேட்டது அது ஒன்றுதான்.

சந்தையில் முப்பத்தெட்டுக் கடை. வியாபாரிகள் சங்கச் செயலாளர் எல்லோரையும் கூட்டி வைத்தார். ஒவ்வொருவர் போனையும் வாங்கி, மணியடிக்கும் செயலியை ஏற்றி, சேனலில் சேர்த்து, கடைசியாக பேட்டரி சேமிப்பு என்று ஒன்று இருக்குமே, அதை அந்தச் செயலிக்கு மட்டும் அணைத்துக் கொடுத்தாள். இல்லாவிட்டால் போன் தானும் தூங்கி மணியையும் தூங்கவைத்துவிடும். பாதிப் பேர் நம்பிக்கையோடு கொடுத்தார்கள், மீதிப் பேர் அவள் கேட்டாளே என்று கொடுத்தார்கள். மெத்தைக்காரர் மட்டும், "இந்த போன்ல என் மச்சான் கூப்பிட்டாலே எனக்குக் கேக்காது தங்கச்சி, அணை கூப்பிட்டா கேக்கப் போகுதாக்கும்" என்று சொல்லிக்கொண்டே நீட்டினார்.

"மச்சான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கும்ணே. நீங்கதான் எடுக்கறதில்ல" என்றாள். கூட்டம் சிரித்தது.

ஆனால் அன்று பிற்பகலிலேயே அவள் மானம் கப்பலேறியது. சேனலைத் திரட்டியோடு இணைத்து விட்டதும், அணைப் பக்கத்தில் அதுவரை வந்திருந்த பழைய செய்திகளையெல்லாம் அது புதுச்செய்தி என்று எண்ணி வரிசையாகத் தள்ளிவிட்டது. முப்பத்தெட்டுப் போன், ஆளுக்கு எண்பத்து மூன்று ஹாரன். டெண்டர் அறிவிப்பு, விடுமுறை அறிவிப்பு, மரக்கன்று நட்ட படம், எல்லாவற்றுக்கும் ஹாரன். பீரோ பார்க்க வந்த ஒரு குடும்பம் பயந்து ரோட்டுக்கே ஓடிவிட்டது.

மெத்தைக்காரர் போனைத் தலையணைக்கு அடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "ஏன் தங்கச்சி, ஒரே நேரத்துல எண்பத்து மூணு அணையைத் திறந்துட்டாங்களா?"

இரண்டு நாள் அவளால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. பழையதைப் படித்ததாகக் குறித்துத் தள்ளினாள். தலைப்பில் "நீர் திறப்பு" என்று இருந்தால் மட்டும் ஹாரன், மற்றதெல்லாம் வாயைத் திறக்கக்கூடாது என்று விதி எழுதினாள். அணை அலுவலகப் பெண்ணுக்குப் போன் செய்து, எப்போதும் அதே வார்த்தைதானே போடுவீர்கள் என்று மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

ஆறு வாரம் சத்தமே இல்லை. சிலர் செயலியை எடுத்துவிட்டிருப்பார்கள் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஒரு புதன்கிழமை. வானத்தில் பொட்டு மேகம் இல்லை, வெயில் கொளுத்தியது. ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர், அதன் நடுவில் ஒரு நாய் நின்று நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு நாற்காலியின் உருளையைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். மணி இரண்டு இருபது.

ஹாரன் அடித்தது. அவள் போனில் மட்டுமில்லை, முப்பத்தெட்டுக் கடையிலும் ஒரே நேரத்தில். மெத்தைக்காரர் நிஜ லாரிதான் வருகிறது என்று சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார். அப்புறம்தான் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

அக்கா படித்தாள். மேலே மலையில் பெய்த மழையால் அணை நிரம்பிவிட்டது, இரண்டே முக்காலுக்குத் தண்ணீர் திறக்கப்படும், கரையோரம் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகவும். அறிவிப்புப் போட்ட நேரம் இரண்டு இருபது. வந்த நேரமும் இரண்டு இருபது. நடுவில் நான்கே நொடி! சட்டைப்பைத் திருகாணிகளெல்லாம் கலகலவென்று குதிக்க அவள் சந்தையின் நடுவுக்கு ஓடினாள்.

"தண்ணி வருது! எல்லாரும் சாமானைத் தூக்குங்க!"

யாரும் தூக்கவில்லை. எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். நாயைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள்.

"அக்கா, அன்னிக்கு மாதிரி இல்லையே?" என்றார் செயலாளர், மெதுவாக.

அணை அலுவலகத்துக்குப் போட்டால் லைன் பிஸி. மறுபடி போட்டாள், மறுபடி பிஸி. எண்பத்து மூன்று ஹாரனும் ஒருகணம் காதுக்குள் கேட்டன. பிறகு மெத்தைக்காரரைப் பார்த்தாள்.

"அண்ணே, தண்ணி வரலைன்னா நாளைக்கு மொத்தச் சந்தையும் நின்னு என்னைத் திட்டுங்க. வாயே திறக்க மாட்டேன். இப்ப தூக்குங்க!"

மெத்தைக்காரர் அவள் முகத்தையே ஒரு நொடி பார்த்தார். திரும்பி, அடுக்கின் மேல் மெத்தையைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான், சந்தை மொத்தமும் கிளம்பிவிட்டது.

சந்தையிலிருந்து பாலத்து ரோட்டுக்கு ஏறும் சரிவு நூற்றைம்பது அடி. இருப்பதோ நான்கு தள்ளுவண்டி. மெத்தையைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனால் ஒருவர் ஒன்றுக்குமேல் போகமுடியாது. அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது, தன் கடையில் இருப்பதற்கெல்லாம் சக்கரம் இருக்கிறதென்று. அறுபது நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து சக்கரம்!

"அண்ணே, மெத்தையை நாற்காலி மேல போடுங்க!"

இரண்டு நாற்காலியை எதிரும் புதிருமாக வைத்து மேலே நான்கு மெத்தை, கயிற்றில் ஒரு சுற்று. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, கடகடவென்று சரிவில் ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. கண்ணாடிக்காரர் தன் நிலைக்கண்ணாடிகளை நாற்காலியில் உட்காரவைத்து, வயசானவர்களை அழைத்துப் போவதுபோல் மெல்ல உருட்டிப் போனார். பீரோவைப் படுக்கவைத்து அடியில் ஆறு நாற்காலி கொடுத்தார்கள். கீழே இறங்கும் காலி நாற்காலிகளில் பெரிய பெரிய ஆட்கள் ஏறி உட்கார்ந்து, ஹோவென்று கத்திக்கொண்டு சரிவில் வழுக்கி வந்தார்கள். நேரம் மிச்சமாம்! பயமும் இருந்தது, ஆனால் பயத்தைவிடக் குதூகலம் அதிகமாக இருந்தது. எந்தப் பொருள் யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஏற்றினார்கள்.

மூன்று ஐம்பதுக்குக் கடைசி மேஜை மேலே போனது. எல்லோரும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார்கள். ஆறு அப்போதும் அதே கணுக்கால் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தது. மூன்று ஐம்பத்தைந்து. நான்கு மணி. அக்கா ஆற்றின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

நான்கு நான்குக்கு, கீழே நின்ற நாய் காதைத் தூக்கியது. அடுத்த நொடி பின்னங்கால் பிடரியில் பட ஓட்டமெடுத்துக் கரையேறியது. வளைவுக்கு அப்பாலிருந்து கூட்டம் பேசிக்கொண்டு வருவதுபோல ஓர் இரைச்சல். பிறகு மண்நிறத்தில் தண்ணீர் வந்தது. அவசரப்படாமல், ஆனால் நிற்காமல் வந்தது. படித்துறையை மூடியது, மெத்தைக்கடை மேடையை மூடியது, அக்காவின் வேலை மேஜை கிடந்த இடத்தை மூடிக்கொண்டு போனது. காலியாகக் கிடந்த சந்தையில் அதற்கு அடித்துக்கொண்டு போகக் கிடைத்தது ஒரு முக்காலியும், செயலாளர் கழற்ற மறந்த சங்கத்துப் பெயர்ப்பலகையும்தான்.

"போகட்டும் விடுங்க" என்றார் செயலாளர். "அதுல எழுத்துப்பிழை இருந்துச்சு."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பாலமே சிரித்தது. கண்ணாடிக்காரர் கைதட்ட ஆரம்பிக்க, வழியில் போன பஸ் நின்று, அதிலிருந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து தட்டினார்கள். மெத்தைக்காரர் தன் மெத்தை அடுக்கைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். எல்லாம் ஈரம் படாமல், பஞ்சு பஞ்சாக இருந்தன.

"தங்கச்சி, இதுல ஒண்ணை உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றார்.

"வேணாம்ணே. வீட்டுல இருக்கறதுலயே அவர் எந்திரிக்க மாட்டேங்கறாரு."

சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. பார்த்தால் இவர்கள் இன்னும் கேலி செய்வார்கள்.

அணை அலுவலகத்துக்கு இப்போது லைன் கிடைத்தது. நடந்ததைச் சொன்னாள். நாற்காலிகள் சரிவில் ஏறியதையும் சொன்னாள். மறுமுனையில் அந்தப் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இங்க வாங்க, எல்லாரும் வாங்க, இதைக் கேளுங்க" என்று யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு ஸ்பீக்கரில் போட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அக்கா மறுபடி சொன்னாள்.

"நாங்க போடறதை யாராவது படிக்கறாங்களான்னே தெரியாம இத்தனை வருஷமா போட்டுட்டு இருந்தோங்க" என்றாள் அந்தப் பெண். "கீழ இன்னும் ஆறு ஊரு இருக்கு. செங்கல் சூளைக்காரங்க இருக்காங்க. ஆத்தோர மைதானத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க விளையாடுறாங்க. அவங்களுக்கும் உங்க சேனல்ல இடம் இருக்குமா?"

"எத்தனை பேரா இருந்தாலும் இருக்கும் மேடம்! நம்பரை மட்டும் குடுங்க."

எழுத ஒன்றும் கிடைக்காமல், செயலாளரின் பேனாவைப் பிடுங்கி, அங்கே கிடந்த ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்னால் எழுதிக்கொண்டாள். முதல் எண் செங்கல் சூளை மேலாளருடையது. தண்ணீர் அங்கே போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. விஷயத்தை, ஹாரன் கதையோடு, நேரடியாகச் சொன்னாள். அவர் ஆட்களை ஏவும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் உட்பட மற்ற எண்களைச் செயலாளரும் கண்ணாடிக்காரரும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு கூப்பிட்டுச் சொல்லி முடித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார். பச்சைச் செங்கல்மேல் தார்ப்பாய் போட்டாகிவிட்டது, ஆட்கள் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள், அடுத்த தடவைக்கு அந்த ஹாரனைத் தன் போனில் எப்படி வைப்பது என்று கேட்டார்.

பாலத்துச் சுவரோரம், சரிந்த நாற்காலி ஒன்றில் ஸ்க்ரூ அக்கா உட்கார்ந்தாள். கீழே ஆறு கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையில் யாரோ கொண்டுவந்து கொடுத்த டீ, ஒரு காதில் போன். இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, முகமெல்லாம் பூரிக்க, அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "செட்டிங்ஸ்குள்ள போங்க சார். போயிட்டீங்களா? பேட்டரின்னு இருக்கும் பாருங்க... ஆமா, அதேதான். அதை அமுக்குங்க."